டப்பாவுக்குச் சட்டை போட்டவர்களுக்கு

பானங்களை அலுமினிய டப்பாவில் அடைத்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அந்த டப்பா வெளியே எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் வடிவமைப்பாளர்களுக்கும்,

கடந்த மாதம் எங்கள் குப்பை தரம் பிரிக்கும் கூடத்திலிருந்து, பழைய அலுமினிய டப்பாக்களை உருக்கும் உருக்காலைக்குப் போன லாரி, ஏற்றிய சரக்கோடு அப்படியே திரும்பி வந்தது. அமுக்கிக் கட்டிய 12 கட்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கிலோ. ஓட்டுநர் நீட்டிய தாளில் காரணம் ஒரே வரியில் இருந்தது: பிளாஸ்டிக் அதிகம், ஏற்க இயலாது.

கட்டுகளைப் பிரித்தோம். கம்பியை வெட்டியதும் உள்ளே பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் உங்கள் டப்பாக்கள் கிடந்தன. பளபளவென்று, வழவழவென்று, கழுத்திலிருந்து அடிவரை பிளாஸ்டிக் உறை போர்த்திய டப்பாக்கள். எங்கள் கூடத்தில் அதற்குப் பெயர் 'சட்டை'. எட்டு பேர் ஆறு நாள் உட்கார்ந்து பிளேடால் கீறிச் சட்டை உரித்தோம். நசுங்கிய டப்பாவில் உறை மடிப்புக்குள் மாட்டிக்கொண்டு வராது. கொஞ்சம் அழுத்தினால் உலோகத்தின் விளிம்பு விரலைக் கிழிக்கும். இரண்டு பேருக்குத் தையல் போட வேண்டியிருந்தது. அந்த ஆறு நாளில் வழக்கமாகப் பிரிக்க வேண்டிய சரக்கு வாசலில் குவிந்து நின்றது.

முதலில் எட்டு ஆண்டுகள் உருக்காலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தவன் நான். கடந்த ஆறு ஆண்டுகளாகக் கூடத்தில் மேற்பார்வை. டப்பா எங்களிடம் எப்படி வருகிறது, உலைக்குள் போய் என்ன ஆகிறது என்று இரண்டு முனையையும் பார்த்தவன் என்பதால்தான் எழுதுகிறேன். உங்கள் கூட்டங்களில் இந்த இரண்டு முனையும் பேசப்படுவதில்லை என்று நினைக்கிறேன். பேசியிருந்தால் அந்தச் சட்டை டப்பாவின் மேல் ஏறியிருக்காது.

அந்தச் சட்டையின் மேல், கீழ்ப்பக்கத்தில், மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் குறியை அச்சிட்டிருக்கிறீர்கள். பக்கத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் மறுசுழற்சி செய்யலாம் என்று ஒரு வரி. அலுமினியத்தைப் பற்றி அந்த வரி உண்மை. உருக்கி உருக்கி வார்த்தாலும் தன் குணத்தை இழக்காத உலோகம் அது. ஆனால் அந்த வரி அச்சாகியிருப்பது அலுமினியத்தின் மேல் இல்லை, பிளாஸ்டிக்கின் மேல்.

டப்பா எங்களிடம் வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். கலவையாக வரும் குப்பை ஓடும் பட்டையில் ஏறும். மேலே தொங்கும் காந்தம் இரும்பு டின்களை இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்துக்கு அசையாது. அதைப் பிரிக்கப் பட்டையின் முனை உருளைக்குள் காந்தங்கள் பதித்த இன்னொரு உருளை அதிவேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மாறிக்கொண்டேயிருக்கும் அந்தக் காந்தப்புலம் அலுமினியத்துக்குள் ஒரு சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். டப்பா துள்ளிப் பறந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் விழும், காகிதமும் பிளாஸ்டிக்கும் இந்தப் பக்கம் சரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், டப்பாவுக்கு உயிர் வந்தது போலிருக்கும்.

எங்கள் கூடத்தில் அந்த உருளைக்கு முன்னாலேயே பிளாஸ்டிக் புட்டிகளைப் பிரிக்கும் கருவி நிற்கிறது. அகச்சிவப்பு ஒளியை அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்து இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்து, காற்றை ஊதித் தள்ளும். சட்டை போட்ட டப்பாவைப் பார்த்தால் அதற்கும் பிளாஸ்டிக்தான் தெரியும். பாவம், அது என்ன செய்யும். ஊதித் தள்ளிவிடும். டப்பா பிளாஸ்டிக் கட்டுக்குள் போய்விடும். அங்கே அது அசுத்தம், பிளாஸ்டிக் வாங்குபவர்கள் எங்களைத் திட்டுவார்கள். தப்பி உலோகப் பக்கம் வந்தாலோ உருக்காலை திட்டும். ஒரே டப்பா இரண்டு கட்டுகளையும் கெடுக்கிறது.

இனி உருக்காலை. இந்த இடத்தைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கட்டுகளை உடைத்து, டப்பாக்களை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக்குவார்கள். மறுபடியும் காந்தம், காற்றுச் சலிப்பு. அப்புறம் துண்டுகள் சுழலும் சூளைக்குள் போகும். டப்பாவின் வெளியே மையும் வார்னிஷும், உள்ளே பானம் உலோகத்தைத் தொடாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சும் இருக்கின்றன. அவற்றோடு உலைக்குள் போட்டால் புகையும் கசடும்தான் மிஞ்சும். அதனால் 500 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே, ஆக்சிஜன் குறைந்த சூட்டுக் காற்றில் பூச்சைப் போக்குவார்கள். பூச்சு ஆவியாகிப் போகும், அந்த ஆவியைத் தனி அறையில் எரித்து அதன் சூட்டையே சூளைக்குத் திருப்புவார்கள். தன் அழுக்கைத் தானே எரித்துக்கொண்டு சுத்தமாகும் ஏற்பாடு.

இதில் இடைவெளி மிகக் குறுகல். டப்பாவின் மூடி ஏறக்குறைய 580 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். உடல் 630 டிகிரி வரை தாங்கும். ஆக, பூச்சு போக வேண்டிய சூட்டுக்கும் மூடி கூழாகும் சூட்டுக்கும் நடுவே சில பத்து டிகிரிகள்தான். சூளை ஓட்டுபவரின் திறமை முழுக்க அந்தச் சில பத்து டிகிரிகளுக்குள் நிற்பதில் இருக்கிறது. நான் அங்கே இருந்தபோது எங்கள் மூத்த ஆபரேட்டர் திரையைப் பார்ப்பதைவிடச் சூளையின் சத்தத்தைத்தான் அதிகம் கேட்பார். துண்டுகள் கலகலவென்று உருண்டால் சரி. சத்தம் மந்தமானால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சூளைக்குள் சட்டை போட்ட டப்பாவின் துண்டுகள் போனால்? உரித்த சட்டைகளைக் கூடத்துத் தராசில் நூறு நூறாக வைத்துப் பார்த்தேன். ஒன்று சுமார் ஒன்றரை கிராம் வந்தது. டப்பாவே ஏறக்குறைய 13 கிராம்தான். அதாவது டப்பாவின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிளாஸ்டிக். பூச்சை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய சூளைக்கு அது தேவையில்லாத எரிபொருள். எப்போது எவ்வளவு வரும் என்று தெரியாத எரிபொருள் வேறு. திடீரென்று சூடு எகிறும். மூடித்துண்டுகள் இளகி, உடல் துண்டுகளோடு ஒட்டி, உருண்டைகளாகும். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து சாம்பலாகும். டப்பாவின் சுவர் 0.1 மில்லிமீட்டர் கனம்தான், எரிந்து போக அதற்கு அதிக நேரம் வேண்டாம். அப்படிப் போன அலுமினியம் அலுமினியம் ஆக்சைடு ஆகிவிடும். அதைத் திரும்ப உலோகமாக்க வேண்டுமென்றால் சுரங்கத்திலிருந்து வந்த மண்ணுக்குச் செலவழிக்கும் மின்சாரத்தையே செலவழிக்க வேண்டும்.

சட்டை பிவிசி ஆக இருந்துவிட்டால் இன்னொரு தொல்லை. அதில் குளோரின் இருக்கிறது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஈரத்தில் பட்டால் அது அமிலம். குழாய்களை அரிக்கும், அதை முறிக்க வடிகட்டியில் சுண்ணாம்பை அள்ளி அள்ளிக் கொட்ட வேண்டும். எல்லாச் சட்டையும் பிவிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். எது பிவிசி, எது வேறு என்று பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஒரு வழியும் வைக்கவில்லையே, அதுதான் குறை.

சரி, சூளையைத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து உலை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உலை அதைவிடச் சூடாக இருக்கும். மேலே மிதக்கும் கசடை வழித்தெடுக்க வேண்டும். அந்தக் கசடு சும்மா போவதில்லை, நல்ல உலோகத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். சரக்கு எவ்வளவு அழுக்கோ அவ்வளவு கசடு. எட்டு ஆண்டுகள் அதை வழித்தவன் என்பதால் சொல்கிறேன், நல்ல சரக்கு வந்த நாளும் கெட்ட சரக்கு வந்த நாளும் தோள்பட்டைக்குத் தெரியும்.

பார்ப்பதற்கு ஒரே உலோகமாகத் தெரியும் டப்பா உண்மையில் இரண்டு கலப்புலோகங்கள். உடல் ஒன்று, மூடி ஒன்று. உடலில் மாங்கனீஸும் மக்னீசியமும் ஏறக்குறைய ஒவ்வொரு சதவீதம், அது இழுத்து நீட்ட வளைந்துகொடுக்கும். மூடி விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தில் புடைத்துக்கொள்ளும். அதனால் அதில் மக்னீசியம் நாலரை சதவீதம் வரை. திறக்கும் வளையமும் அந்த ஜாதிதான். (வளையத்தை மட்டும் பிய்த்துச் சேர்த்து வைத்துக் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். யாருடைய சிகிச்சைக்கோ அது உதவும் என்று எங்கோ கேட்டிருப்பார்கள். ஐயா, அம்மா, வளையத்தை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். முழு டப்பாவாகக் கொடுங்கள், அதில்தான் எடை இருக்கிறது.)

இரண்டையும் சேர்த்து உருக்கினால் மக்னீசியம் உடலுக்கு வேண்டியதைவிட அதிகமாகவும், மூடிக்கு வேண்டியதைவிடக் குறைவாகவும் நடுவில் நிற்கும். மூடிக்கோ மாங்கனீஸ் குறைவாக இருக்க வேண்டும், உருகிய கலவையில் அது அதிகம். ஆக, பழைய டப்பா பெரும்பாலும் புது டப்பாவின் உடலாகத்தான் திரும்பி வரும். மக்னீசியத்தில் ஒரு பகுதி உலையிலேயே எரிந்து போகும், மீதியைச் சரிக்கட்டப் புது அலுமினியம் சேர்ப்பார்கள். மாதிரி எடுத்து, சோதித்து, திருத்தி, மறுபடி சோதித்து வார்ப்பார்கள். டப்பாவை இன்னொரு டப்பாவாக்குவது இவ்வளவு நுணுக்கமான கணக்கு. அந்தக் கணக்கு உட்காருவதற்குக் காரணமே உள்ளே போவது டப்பா மட்டும்தான் என்ற உறுதி. இரும்பு கலந்தால் உருகிய அலுமினியத்திலிருந்து அதைப் பிரிப்பது மிகக் கடினம். மண் கலந்தால் சிலிக்கான் ஏறும். சட்டையோடு எங்கள் கட்டு போனால், இவன் கூடத்திலிருந்து இன்னும் என்னென்ன வரும் என்ற சந்தேகம்தான் உருக்காலைக்கு முதலில் வரும்.

மற்றதெல்லாம் வேகமாக நடக்கும். வார்த்த பாளம் பல மீட்டர் நீளம், 20 டன் எடைகூட இருக்கும். அப்படி ஒரு பாளத்தில் ஏறக்குறைய 15 லட்சம் டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. சூடாக உருட்டி, குளிரவிட்டு உருட்டி, கால் மில்லிமீட்டர் அளவுத் தகடாக்கிச் சுருள் சுற்றுவார்கள். டப்பா ஆலையில் அதிலிருந்து கிண்ணம் வெட்டி, சுவரை இழுத்து நீட்டி, கழுவி, அச்சிட்டு, உள்ளே பூச்சடித்து, கழுத்தைக் குறுக்கி உங்களிடம் அனுப்புவார்கள். எல்லாம் சரியாக ஓடினால், குப்பைத் தொட்டியில் விழுந்த டப்பா 60 நாளில் மறுபடி கடை அலமாரியில் நிற்க முடியும்.

எங்கள் திரும்பி வந்த லாரிக்கு அந்த 60 நாள் கிடைக்கவில்லை. உரித்து முடித்த கட்டுகளில் பாதியைத்தான் அதே உருக்காலை எடுத்துக்கொண்டது. மீதியை வார்ப்புப் பாகம் செய்யும் பட்டறைக்குக் குறைந்த விலைக்குத் தள்ளினோம். அங்கே சிலிக்கானோடு கலந்து ஏதோ ஓர் இயந்திரத்தின் உறுப்பாகிவிடும். வீணாகவில்லை, உண்மைதான். ஆனால் சிலிக்கான் ஏறிய அந்த உலோகம் இனி டப்பாவாகத் திரும்பாது. அந்த டப்பாக்களுக்குப் பதிலாக வேண்டிய அலுமினியத்தைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

புதிதாக எடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஆண்டறிக்கைகளிலேயே அழகான படங்களோடு போடுகிறீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் பாக்சைட் தாதுவைத் தோண்ட வேண்டும். அதைக் காரத்தில் வேகவைத்து 2 டன் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, எடுக்க வேண்டும், செந்நிறச் சேறு ஒன்று மிஞ்சும், அதை வைக்க இடம் தேட வேண்டும். பிறகு அலுமினாவை உருகிய உப்பில் கரைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறைதான் இன்றும் ஓடுகிறது. ஒரு கிலோவுக்கு 13 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கும். பழைய டப்பாவை உருக்குவதற்கு இந்த முழுப் பயணத்தின் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். அந்த 95 சதவீதச் சேமிப்பைத்தான் உங்கள் விளம்பரங்கள் சொல்கின்றன. உறையைப் போர்த்தி அந்தச் சேமிப்பில் கைவைப்பதும் நீங்கள்தான்.

மக்கள் தங்கள் பங்கைச் செய்யாமலா இருக்கிறார்கள்? பிரேசிலில் விற்ற டப்பாக்களில் 95 சதவீதத்துக்கும் மேல் பல ஆண்டுகளாகத் திரும்பி வருகிறது, தெருத்தெருவாகப் பொறுக்கும் தொழிலாளர்களின் கைகளால். சுவீடன் 1984இலும் ஜெர்மனி 2003இலும் டப்பாவுக்கு வைப்புத்தொகை முறை கொண்டுவந்தன, வாங்கும்போது கட்டும் தொகை காலி டப்பாவைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும், அங்கே டப்பாவைக் குப்பையில் போடுவது காசைப் போடுவது போல. எங்கள் கூடத்துக்கு வருபவர்களும் கழுவித்தான் கொண்டுவருகிறார்கள். டப்பா திரும்பி வருகிறது. திரும்பி வந்த டப்பாதான் உங்கள் சட்டையால் உலைக்குப் போக முடியாமல் எங்கள் வாசலில் நிற்கிறது.

லாரி திரும்பிய வாரமே உங்களில் ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் போட்டேன். பெயர் வேண்டாம். மூன்று வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. அதில் மூன்று சமாதானங்கள்.

உறையில் துளைக்கோடு இருக்கிறதாம், வாடிக்கையாளர் கிழித்துவிட்டுப் போடலாமாம். பார்த்தேன். இருக்கிறது. சட்டையின் தையல் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் எழுத்தில் ஒரு வாக்கியம். எங்களிடம் வந்த டப்பாக்களில் அந்தக் கோட்டில் கிழிந்த ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கிழித்தவர்கள் இருந்திருந்தால் அவர்களுடைய டப்பா வெறும் வெள்ளியாக வந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் வாதாடலாம். வெறும் வெள்ளி டப்பா ஒரு கூடை தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்படியும் சூளையில் எரிந்துவிடும்தானே என்பது இரண்டாவது. எரியும்தான். எரிவதுதான் சிக்கல் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

மூன்றாவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டப்பா ஆலை நேரடியாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் ஒரே வடிவத்தில் பெரும் எண்ணிக்கையில் வாங்க வேண்டும். சிறிய தயாரிப்பாளர், நாலைந்து சுவைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பவர், அவ்வளவை வாங்கி எங்கே அடுக்குவார்? அச்சில்லாத டப்பாவை வாங்கிச் சட்டை மாட்டுவது அவருக்கு வசதி. அந்தச் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் டப்பாவின் மேல் நேரடியாக டிஜிட்டல் முறையில் சிறு எண்ணிக்கையில் அச்சிடும் இயந்திரங்கள் இன்று இருக்கின்றன. அதுவும் முடியாதவர் ஒரு சிறிய ஒட்டுத்தாள் ஒட்டலாம், கழுத்திலிருந்து அடிவரை போர்த்த வேண்டியதில்லை. எனக்குப் பதில் எழுதிய நிறுவனமோ சிறியதும் இல்லை. திருவிழாக் காலச் சிறப்புப் பதிப்பு என்று மினுமினுப்புக்காகப் போட்ட சட்டை அது. மினுமினுப்பு அலமாரியில் இரண்டு வாரம் நின்றது. எங்கள் ஆட்களின் விரலில் இருக்கும் தழும்பு அதைவிட அதிக நாள் நிற்கும்.

உங்கள் தொழிலுக்கு இது முதல் தடவை இல்லை. 1959இல் அமெரிக்க பீர் நிறுவனமான கூர்ஸ் அலுமினிய டப்பாவைக் கொண்டுவந்தபோது, காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் காசு தருகிறோம் என்று கூடவே அறிவித்தது. திரும்பி வருவதைப் பற்றி முதல் நாளே யோசித்திருந்தார்கள். பிறகு 1960களில் இழுத்துக் கிழிக்கும் வளையம் வந்தது. எர்மல் ஃப்ரேஸ் என்பவரின் கண்டுபிடிப்பு, நல்ல வசதிதான். ஆனால் கிழித்த வளையம் கடற்கரையெங்கும் கிடந்து கால்களைக் கீறியது. அப்போது, வளையத்தை ஒழுங்காகக் குப்பையில் போடுங்கள் என்று வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்லிவிட்டு உங்கள் முன்னோர் சும்மா இருக்கவில்லை. 1975இல் டேனியல் குட்ஸிக் வடிவமைத்த, டப்பாவோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும் திறப்பு சந்தைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க நாம் திறப்பது அப்படிப்பட்டதைத்தான். கீழே விழ முடியாத வளையத்தைச் செய்து காட்டிய தொழில், உரிக்கத் தேவையில்லாத டப்பாவைச் செய்ய முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றையும் இதோடு சொல்லியாக வேண்டும். காலாவதியான சரக்கை நிரம்பிய டப்பாவோடு அப்படியே ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடும் வழக்கம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. உருகிய அலுமினியத்துக்கு அடியில் நீர் மாட்டிக்கொண்டால் அது நொடியில் ஆவியாகி வெடிக்கும், உலோகம் மழையாகத் தெறிக்கும். உலைப் பக்கம் நின்றவர்கள் யாரும் இதை விளையாட்டாகப் பேச மாட்டார்கள். கட்டைப் பிரிக்கும்போது குலுங்கும் சத்தம் கேட்டால் நான் இன்றும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது இவைதான்.

முழு உடலையும் மூடும் பிளாஸ்டிக் உறையை நிறுத்துங்கள். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கு அவகாசம் தேவையில்லை, அடுத்த சிறப்புப் பதிப்பை நேரடியாக அச்சிட்டால் போதும். சிறிய தயாரிப்பாளர்களுக்கு ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஓராண்டில் பிவிசியை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். டிஜிட்டல் அச்சு இயந்திரத்தைப் பலர் சேர்ந்து பயன்படுத்த ஏற்பாடு செய்வது பெரியவர்களான உங்களால் முடியும், செய்யுங்கள்.

சட்டை இருக்கும்வரை அந்தச் சட்டையின் மேல் மூன்று அம்புக் குறியைப் போடாதீர்கள். அதற்குப் பதிலாக, கிழித்துவிட்டுப் போடவும் என்று உங்கள் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அந்த அளவில் போடுங்கள். எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதையும் கூடவே எழுதுங்கள்.

உறையால் திரும்பி வரும் சரக்கின் செலவை, அதாவது லாரி வாடகை, உரிக்கும் கூலி, விலைக்குறைவு மூன்றையும், உறை போட்டவர் ஏற்க வேண்டும். எங்கள் கணக்குப் புத்தகம் திறந்தே இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம். கையில் தையல் போட்ட இருவரின் மருத்துவச் செலவும் விடுபட்ட கூலியும் அதில் தனியாக எழுதப்பட்டிருக்கின்றன.

நிரம்பிய டப்பாவை ஒருபோதும் வெளியே அனுப்பாதீர்கள். துளையிட்டு, வடித்து, பிறகு அனுப்புங்கள்.

புது உறையோ, புது மையோ, புது மூடியோ எதுவானாலும், அச்சுக்குப் போகும் முன் நூறு டப்பாக்களை ஒரு கூடத்தின் பட்டையில் ஓடவிட்டு, ஓர் உருக்காலையின் சூளையில் போட்டுப் பாருங்கள். உங்கள் வடிவமைப்பாளர் ஒருவரை ஒரு நாள் எங்களிடம் அனுப்புங்கள். கையுறையும் பிளேடும் நான் தருகிறேன்.

உரித்த சட்டைகள் மூன்று மூட்டைகள் சேர்ந்திருக்கின்றன. பிளாஸ்டிக் வாங்குபவர்கள் மையும் அழுக்கும் ஒட்டிய அவற்றைத் தொட மறுத்துவிட்டார்கள். அதில் ஒரு மூட்டையை இந்த மடலின் நகலோடு, எனக்குப் பதில் எழுதிய நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்று முடிவு செய்து, 30 நாளுக்குள் எனக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். மற்ற இரண்டு மூட்டைகளையும் அதே தொட்டியில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தரம் பிரிக்கும் கூடத்தின் மேற்பார்வையாளர் ஒருவர்